பழைய டெஸ்க்டாப்பிலிருந்து கேமிங் லேப்டாப்புக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்திலும் தெருவிலும் யாராவது கணினி வாங்குவதென்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப்பை விட்டு, ஆற்றல் மிக்க கேமிங் லேப்டாப்புக்கு மாற நினைப்பவர்கள்தான் இப்போது அதிகம். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு லட்சத்தை ஒட்டிய செலவு என்பது பல வீடுகளில் நீண்ட நாள் சேமிப்பு. அதை முன்பக்க ஸ்டிக்கரை மட்டும் பார்த்து யாரும் கொடுத்துவிடக் கூடாது.

என் டெஸ்க்டாப் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. எதற்காக மாற்ற வேண்டும்?

கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் இணையத்தில் படிவம் நிரப்பவும் மட்டும் என்றால் மாற்ற வேண்டாம். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டால் இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 செயலி (பிராசசர்) கூட இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

புதிய விளையாட்டுகள் வேண்டுமென்றால் நிலைமை வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை கிடைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். ஜிடிஎக்ஸ் 970, 1050 டிஐ, 1060 போன்ற பழைய கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளை ஒட்டிய டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை, அவற்றைத் தயாரித்த என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். வேலரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இரண்டும் இல்லாமல் திறக்கவே திறக்காது. மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் கதவு மூடுகிறது. இந்தக் கேள்விகள் இப்போது குவிவதற்குக் காரணமும் அதுதான்.

கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிப் பார்த்தால் ஆகாதா?

உள்ளே இருக்கும் செயலியைப் பொறுத்தது. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ஐ5, இல்லையேல் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகை மதர்போர்டில் ரைசன் செயலி இருந்தால், முதலில் இந்த வழியைத்தான் பாருங்கள். ஏஎம்4 மதர்போர்டு பலவற்றில் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிட்டு ரைசன் 5000 வரிசைச் செயலியைப் பொருத்தலாம். லேப்டாப்புக்கு ஆகும் செலவில் பாதிக்கும் குறைவாகவே முடிந்துவிடும்.

நான்காம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ என்றால் காசு வீண். டிடிஆர்3 ரேம், பழைய மதர்போர்டு, பெயர் தெரியாத பவர் சப்ளை என ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போய்க் கடைசியில் கேபினட் மட்டும் பழையதாக மிஞ்சும்.

அதே பணத்துக்கு டெஸ்க்டாப் நல்லதா, லேப்டாப் நல்லதா? நேராகச் சொல்லுங்கள்.

மேசையை விட்டு நகராது என்றால் டெஸ்க்டாப். அதே பணத்துக்குக் கூடுதல் வேகம், குறைந்த சூடு, பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றும் வசதி என எல்லாமே அந்தப் பக்கம்தான். லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்து அதை மட்டும் மாற்ற வழியில்லை.

விடுதியில் தங்கிப் படிப்பவர், வார இறுதியில் ஊருக்குப் போய் வருபவர், மேசை போட இடமில்லாத வாடகை வீட்டில் இருப்பவர், மின்சாரம் நின்று நின்று வரும் ஊரில் வேலை செய்பவர் ஆகியோருக்கு லேப்டாப் நியாயமான தேர்வு. இந்த நான்கில் ஒன்றிலும் நீங்கள் இல்லையென்றால் இன்னொரு நாள் யோசித்துவிட்டு முடிவெடுங்கள். இதற்குப் பிறகும் தொடர்ந்து படிப்பவர்கள் லேப்டாப்தான் என்று முடிவு செய்துவிட்டவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, ஆர்டிஎக்ஸ் 5070 என்றால் டெஸ்க்டாப்பிலும் லேப்டாப்பிலும் ஒன்றுதானே?

இல்லை. ஆர்டிஎக்ஸ் என்பது என்விடியாவின் கிராபிக்ஸ் சிப் வரிசை; ஒரே எண்ணில் டெஸ்க்டாப்புக்கு ஒன்றும் லேப்டாப்புக்கு வேறொன்றும் வருகின்றன. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதையும் அடுத்ததையும் படியுங்கள்.

டெஸ்க்டாப்பின் 5070-இல் 6144 கூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), 12 ஜிபி நினைவகம், 250 வாட் மின்சாரம். லேப்டாப்பின் 5070-இல் 4608 கோர்கள், 8 ஜிபி, அதிகபட்சம் 100 வாட். 4608 கோர்கள் என்பது டெஸ்க்டாப்பில் 5060 டிஐ கார்டின் அளவு. மேலே போகப் போக இடைவெளி விரிகிறது: டெஸ்க்டாப்பின் 5090-க்கு 21760 கோர்கள், 32 ஜிபி, 575 வாட், லேப்டாப்பின் 5090-க்கு 10496 கோர்கள், 24 ஜிபி, அடிப்படை அளவில் 150 வாட் வரை. பெயர் ஒன்று, பொருள் வேறு. என்விடியாவும் தன் விவரப் பட்டியலில் 'லேப்டாப் ஜிபியு' என்று சேர்த்துத்தான் எழுதுகிறது. கடை விளம்பரத்தில் அந்த இரண்டு சொற்கள் காணாமல் போய்விடுகின்றன.

ஆகவே டெஸ்க்டாப் கார்டுக்காக எடுத்த சோதனைக் காணொளியைப் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் மாடலின் முழுப் பெயரைப் போட்டுத் தேடி, அந்த மாடலிலேயே எடுத்த சோதனையைப் பாருங்கள்.

வாட், வாட் என்கிறீர்கள். கடையில் யாரும் அதைப் பற்றிச் சொல்வதில்லையே?

சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கேட்பவர் குறைவு. லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ளலாம். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா அனுமதித்த வரம்பு 35 வாட் முதல் 115 வாட் வரை. 5060-க்கு 45 முதல் 100 வரை. மெல்லிய லேப்டாப்பில் 60 வாட்டில் ஓடும் 4060-உம், தடித்த லேப்டாப்பில் 115 வாட்டில் ஓடும் 4060-உம் ஒரே ஸ்டிக்கரோடு அருகருகே விற்கின்றன. குறைந்த வாட்டில் ஓடும் மேல்நிலைச் சிப்பை, முழு வாட்டில் ஓடும் கீழ்நிலைச் சிப் எட்டிப் பிடித்துவிடுவது உண்டு.

தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடலின் விவரப் பக்கத்தில், பெரும்பாலும் சிறிய எழுத்தில், அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எவ்வளவு என்று இருக்கும். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பானால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் தகவல் பகுதியைப் பாருங்கள். அங்கேயே எண் இருக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிலர் 140 வாட் என்று போடுவார்கள். அது 115 வாட்டோடு, செயலி ஓய்வாக இருக்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் 25 வாட் டைனமிக் பூஸ்டையும் சேர்த்த கணக்கு. இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே கணக்கில் ஒப்பிடுங்கள்.

வாட் கூடிக்கொண்டே போனால் வேகமும் அப்படியே கூடும் என்பதும் சரியல்ல. 4070 லேப்டாப் சிப் ஏறத்தாழ 100 வாட்டைத் தாண்டியபின் பெரிய ஏற்றம் காட்டுவதில்லை. அரைகுறை வாட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் முக்கியம்.

8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் போதுமா?

1080பி (முழு எச்டி) திரையில் போதும். புதிய பெரிய விளையாட்டுகளில் டெக்ஸ்ச்சரை (பரப்புகளின் படத் தரம்) ஒரு படி இறக்க வேண்டியிருக்கும். அதற்கும் மேற்பட்ட துல்லியத் திரையில் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து ஆட நினைத்தால் திணறும்.

2025-இல் வந்த வரிசையில் 5050, 5060, 5070 மூன்றும் லேப்டாப்பில் 8 ஜிபியோடுதான் வந்தன. 5070 டிஐயில்தான் 12 ஜிபி தொடங்குகிறது. அதனால் என் தீர்ப்பு: முழு வாட்டில் ஓடும் 5060 வாங்குங்கள், அல்லது பணம் இருந்தால் 5070 டிஐக்குப் போங்கள். நடுவில் இருக்கும் 8 ஜிபி 5070-க்குக் கூடுதல் விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்பவர்களும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களும் 12 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். ரேமைப் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். இந்த நினைவகத்தைக் கூட்டவே முடியாது.

ஐ7 வாங்காமல் ஐ5 வாங்கினால் பின்னால் வருத்தப்படுவேனா?

விளையாட்டுதான் முதன்மை என்றால் வருத்தப்பட மாட்டீர்கள். உங்கள் பழைய டெஸ்க்டாப்பில் ஐ7 4770 இருந்திருந்தால் அதில் நான்கு கோர்கள். இன்றைய ஐ5 13450 எச்எக்ஸில் பத்து. ஐ5-க்கும் ஐ7-க்கும் இடையிலான விலை வித்தியாசத்தைக் கிராபிக்ஸ் பக்கம் திருப்புங்கள். எண்ணைவிடக் கடைசி எழுத்தைப் பாருங்கள்: எச், எச்எஸ், எச்எக்ஸ் என முடிபவை வலுவான செயலிகள், யு என முடிபவை மின்சாரத்தை மிச்சப்படுத்துபவை.

குறைந்த விலை லேப்டாப்களில் அடிக்கடி தென்படும் ரைசன் 7 7435 எச்எஸ் பற்றி ஒரு வார்த்தை. எண் 7000 வரிசையில் இருந்தாலும் உள்கட்டமைப்பு அதற்கு முந்தைய தலைமுறை. விளையாட்டுக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் அதற்குள் தனக்கென்று கிராபிக்ஸ் கிடையாது. ஒரு பிடிஎஃப் படித்தாலும் பெரிய கிராபிக்ஸ் சிப் விழித்திருக்கும். பேட்டரி வேகமாக இறங்கும். எப்போதும் சார்ஜரோடு இருப்பவர் வாங்கலாம். வகுப்பறைக்குக் கொண்டுபோகிறவர் தவிர்ப்பது நல்லது.

பழைய டெஸ்க்டாப் ரேமைக் கழற்றி லேப்டாப்பில் போட முடியுமா? 16 ஜிபி போதுமா?

போட முடியாது. டெஸ்க்டாப் ரேம் நீளமானது. லேப்டாப்புக்கு வருவது அதில் ஏறத்தாழ பாதி நீளமுள்ள வேறு வகை. தலைமுறையும் வேறு, டிடிஆர்3-க்கு வெட்டிய இடத்தில் டிடிஆர்5-க்கு வெட்டு இருக்காது.

விளையாட்டுக்கு 16 ஜிபி போதும். காணொளித் தொகுப்பும் செய்பவருக்கு 32. அந்த 16 எப்படி வருகிறது என்று கேளுங்கள். ஒரே பட்டையாக இருந்தால் சில விளையாட்டுகளில் வேகம் கண்கூடாகக் குறையும். 8-உம் 8-உமாக இரண்டு பட்டை இருப்பது நல்லது. இன்னொன்று: செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. '8 ஜிபியோடு வாங்கி, அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்' என்ற பழைய யோசனை இப்போது லாபமில்லை. வாங்கும்போதே தேவையான அளவோடு வாங்கிவிடுங்கள்.

பழைய ஹார்டு டிஸ்கில்தான் கல்யாணப் புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. எப்படி மாற்றுவது?

லேப்டாப் வருவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். பழைய டிஸ்கின் நலனைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் அன்றைக்கே நகல் எடுக்க வேண்டும். புகைப்படங்கள் எப்போதும் இரண்டு இடங்களில் இருக்கட்டும்: ஒன்று லேப்டாப், மற்றொன்று தனியான வெளி டிஸ்க்.

டிஸ்கைக் கழற்றி நேரடியாக இணைக்க விரும்பினால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பது 3.5 அங்குல டிஸ்க். அதற்கு 12 வோல்ட் தேவை. யுஎஸ்பி கேபிள் மட்டும் போதாது, தனி அடாப்டரோடு வரும் டாக் (டிஸ்கைச் செருகும் தாங்கி) வாங்க வேண்டும். 2.5 அங்குல டிஸ்கும் எஸ்எஸ்டியும் சாதாரண சாட்டா–யுஎஸ்பி கேபிளிலேயே ஓடும்.

பழைய விண்டோஸை அப்படியே புதிய லேப்டாப்புக்கு நகலெடுத்து வைக்காதீர்கள். பத்து ஆண்டு டிரைவர்களும் குப்பையும் கூடவே வரும். கோப்புகளை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றிய தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரிகிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அந்தக் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. அவற்றில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே தமிழாகத் தெரியும். பழைய டெஸ்க்டாப்பின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக்களைப் புதிய லேப்டாப்புக்குக் கொண்டுவந்து நிறுவினால் எல்லாம் திரும்பிவிடும். டெஸ்க்டாப்பை விற்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பல வீடுகளில் தாத்தா தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறும், பத்திரங்களின் நகலும் இப்படித்தான் கிடக்கின்றன.

நேரம் கிடைக்கும்போது அந்தக் கோப்புகளை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இலவச மாற்றிகள் நிறைய உள்ளன. இனி தட்டச்சு செய்ய விண்டோஸ் 11-இலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

விளையாட்டுகளை மறுபடியும் முழுதாகத் தரவிறக்க வேண்டுமா? விட்ட இடத்திலிருந்து ஆட முடியுமா?

ஸ்டீம் என்னும் இணையக் கடையில் வாங்கிய விளையாட்டுகள் என்றால் இரண்டு கணினிகளையும் ஒரே ரூட்டரில் இணைத்து, இரண்டிலும் ஸ்டீமைத் திறந்து வையுங்கள். இணையத்துக்குப் பதிலாகப் பக்கத்துக் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வைஃபையைவிட லேன் கேபிள் வேகம். பழைய டெஸ்க்டாப் விண்டோஸ் 7-இல் இருந்தால் இது நடக்காது; 2024 தொடக்கத்தோடு ஸ்டீம் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அப்போது ஸ்டீம் கோப்புறையை வெளி டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விட்ட இடம் பெரும்பாலும் கிளவுடில் இருக்கும். எல்லா விளையாட்டுக்கும் அந்த வசதி இல்லை. டாக்குமென்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டா ஆகிய மூன்று கோப்புறைகளையும் எடுத்து வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

பழைய விண்டோஸ் உரிமத்தைப் புதிய லேப்டாப்பில் பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் தேவைப்படாது; லேப்டாப்போடு விண்டோஸ் 11 உரிமம் வந்துவிடும். கணினியோடு சேர்ந்து வந்த பழைய உரிமம் அந்தக் கணினியோடு முடிந்தது; தனியாகக் கடையில் வாங்கிய முழு உரிமத்தை மட்டுமே மாற்றலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று: புதிய லேப்டாப்களில் டிஸ்க் குறியாக்கம் பல நேரங்களில் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். அதன் மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். 48 இலக்க எண் அது. தாளில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸைப் புதுப்பித்தாலோ லேப்டாப் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். அப்போது அது இல்லையென்றால் கோப்புகள் கிடைக்காது.

சித்திரை வெயிலில் ஆடினால் 95 டிகிரி காட்டுகிறது. ஏதாவது ஆகிவிடுமா?

டெஸ்க்டாப்பில் 65 டிகிரி பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் பயந்துபோய் இதைக் கேட்கிறார்கள். லேப்டாப் செயலிகள் 95 முதல் 105 டிகிரி வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. எல்லையைத் தொட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆபத்து இல்லை, ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வேகம் அங்கே இழக்கப்படுகிறது. வாட் பற்றிய பதிலில் சொன்ன எண்ணெல்லாம் அந்தச் சூட்டை வெளியேற்ற முடிந்தால்தான் உண்மை.

அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் உள்ளே இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். வெளிநாட்டு விமர்சகர் 22 டிகிரி அறையில் எடுத்த அளவை, வேலூரிலோ திருச்சியிலோ மே மாதப் பிற்பகலில் எதிர்பார்க்க முடியாது. மெத்தையின் மேலும் மடியிலும் வைத்து ஆடாதீர்கள்; காற்று இழுக்கும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே சில டிகிரி இறங்கும். அதற்கு மரக்கட்டை போதும், விலை உயர்ந்த கூலிங் ஸ்டாண்டு வேண்டியதில்லை. அடுத்ததாக, 60-க்கு மேல் தேவைப்படாத கதை விளையாட்டுகளில் ஃபிரேம் எண்ணிக்கையை (நொடிக்கு வரையும் படங்கள்) 60-இல் நிறுத்துங்கள். சூடு, விசிறிச் சத்தம் இரண்டும் ஒன்றாகக் குறையும்.

நம் ஊர்த் தூசி விசிறியில் ஒட்டி, ஆண்டுக்குள் கம்பளி போலப் படிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும். சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றக் கொடுப்பதற்கு முன், உங்கள் மாடலில் அதற்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். பழக்கமில்லாத கை பட்டால் மதர்போர்டே போய்விடும்.

எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கலாமா? சார்ஜர் இல்லாமல் ஆட முடியுமா?

சார்ஜரிலேயே இருக்கலாம், ஆனால் 100 சதவீதத்தில் அல்ல. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். லேப்டாப்போடு வரும் மென்பொருளில் 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருக்கும். முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். டச்பேடு மேலெழும்பினாலோ அடிப்பாகம் புடைத்தாலோ உடனே நிறுத்திவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். அந்த நிலையில் சார்ஜ் போடக் கூடாது.

சார்ஜர் இல்லாமல் ஆடுவது பெயரளவுக்குத்தான். விமானத்தில் அனுமதியின்றிக் கொண்டுசெல்லும் எல்லை 100 வாட் மணி என்பதால் லேப்டாப் பேட்டரிகள் அதைத் தாண்டுவதில்லை. நூறு வாட்டுக்கு மேல் குடிக்கும் கணினிக்கு அது ஒரு மணி நேரம் கூட வராது. சார்ஜரைப் பிடுங்கியவுடன் வேகமும் பெரிதாக இறங்கிவிடும்.

எங்கள் பக்கம் மின்வெட்டு அதிகம். பழைய 600 விஏ யுபிஎஸ் இதற்கும் ஆகுமா?

லேப்டாப்புக்குள்ளேயே பேட்டரி இருப்பதால் யுபிஎஸ் தேவையில்லை. அந்தப் பழைய யுபிஎஸ்ஸை ரூட்டருக்குக் கொடுங்கள்; மின்சாரம் போனால் முதலில் அறுவது இணையம்தான்.

எர்த் இணைப்பைக் கட்டாயம் சோதியுங்கள். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்று விறுவிறுப்பது போல இருந்தால் பிளக் பாயிண்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக மாற்றும் இணைப்பானை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

144 ஹெர்ட்ஸ் திரை என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது; அது மட்டும் போதாது. விலை குறைந்த மாடல்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்' என்று இருக்கும்; முதலாவது திரை காட்டும் நிறங்களின் அளவு, இரண்டாவது வெளிச்சம். வேகமாக நகரும், ஆனால் நிறம் வெளுத்துத் தெரியும். பழைய நல்ல மானிட்டரிலிருந்து மாறுபவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். நிறத்துக்கு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையாமல் தேடுங்கள்.

மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் கிராபிக்ஸ் சிப் திரையோடு நேராகப் பேசும். இல்லையென்றால் செயலியின் சிறிய கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகும். பழைய மானிட்டர் டிவிஐ வகையானால் எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிளே போதும். விஜிஏ என்றால் மாற்றும் அடாப்டர் வேண்டும்.

தம்பி, கல்லூரிப் படிப்புக்கு இதுதான் வேண்டும் என்கிறான் மகன். உண்மையாகவே தேவையா?

பாடத்தைப் பொறுத்தது, அம்மா. கட்டடக்கலை, முப்பரிமாண வடிவமைப்பு, அனிமேஷன், இயந்திரக் கற்றல் படிப்பவருக்குக் கிராபிக்ஸ் சிப் உண்மையாகவே உதவும். நிரல் எழுதிப் பழகுவதற்கும் வணிகவியலுக்கும் தேவையில்லை. விளையாடவும் ஆசை என்றால் அதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். ஆசை தவறில்லை, செலவு மட்டும் தெரிந்து செய்ததாக இருக்கட்டும்.

எடையையும் பாருங்கள். இவ்வகை லேப்டாப் இரண்டே கால் முதல் இரண்டரைக் கிலோ, சார்ஜரோடு ஏறத்தாழ மூன்று கிலோ வரும். தினமும் பஸ்ஸில் தோளில் சுமக்கப் போகிறவர் ஒருமுறை கடையில் பையில் போட்டுத் தூக்கிப் பார்க்கட்டும்.

பெட்டியில் 'நான்கு மடங்கு ஃபிரேம்' என்கிறார்களே, அது உண்மையா?

எண் உண்மை, பொருள் வேறு. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் டிஎல்எஸ்எஸ் 4 என்னும் என்விடியா வசதி, உண்மையாக வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூன்று வரை கணித்துச் செருகும். திரை வழவழப்பாகத் தெரியும். ஆனால் உங்கள் மவுஸ் அசைவுக்குப் பதில் சொல்வது உண்மை ஃபிரேம்கள் மட்டுமே. அடிப்படையில் 60 வருகிற விளையாட்டை 200-ஆகக் காட்டுவது நன்றாக இருக்கும்; 25 வருவதை 100 ஆக்கினால் கை கனமாக உணரும். ஒப்பிடும்போது இந்த வசதியை அணைத்த எண்ணைக் கேளுங்கள்.

கடையில் வாங்கலாமா, இணையத்திலா? பயன்படுத்தியது வாங்கலாமா?

இரண்டும் சரி. சென்னை ரிச்சி தெருவில் நேரில் திரையைப் பார்த்து, விசிறிச் சத்தத்தைக் கேட்டு வாங்கலாம்; இணையத்தில் திருவிழா நாள்களில் விலை இறங்கும். எங்கே வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு, சீரியல் எண் அச்சிட்ட ரசீது வேண்டும். ரசீது இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். வாரண்டியில் அந்த மிச்சம் போய்விடும். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி எப்போது தொடங்கியது என்று அங்கேயே பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதைக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பயன்படுத்திய கேமிங் லேப்டாப்பை நான் பரிந்துரைப்பதில்லை. சூட்டில் உழைத்த பொருள், உள்ளே கிராபிக்ஸ் சிப் போனால் அதை மட்டும் தனியாக மாற்ற முடியாது. வாரண்டி மிச்சம் இருந்தால் மட்டும், அரை மணி நேரம் விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்தபின் வாங்குங்கள்.

பழைய டெஸ்க்டாப்பை என்ன செய்வது?

விற்றால் சொற்பமே கிடைக்கும். வீட்டிலேயே கோப்புகளின் இரண்டாம் நகலை வைக்கும் இடமாகவோ, பள்ளிப் பிள்ளைகளுக்காக லினக்ஸ் மின்ட் போட்டோ வைத்துக்கொள்வது மேல். விற்பதானால் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்றுவிடுங்கள். முற்றிலும் பழுதென்றால் குப்பையில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனாலும் விளையாட்டு பழைய டெஸ்க்டாப்பைவிட மெதுவாக ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் அமைப்புதான் காரணம். சார்ஜர் இணைந்திருக்கிறதா, அதுவும் லேப்டாப்போடு வந்த பெரிய சார்ஜர்தானா? செல்பேசிக்கான டைப்–சி சார்ஜரில் லேப்டாப் விழித்திருக்கும், ஓடாது. அடுத்து, தயாரிப்பாளரின் மென்பொருளில் அமைதி முறை போட்டிருந்தால் செயல்திறன் முறைக்கு மாற்றுங்கள். பிறகு விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் அந்த விளையாட்டுக்குச் செயலியின் சிறிய கிராபிக்ஸ் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என்விடியாவுக்கு மாற்றுங்கள். டிரைவரைப் புதுப்பியுங்கள். ரேம் ஒரே பட்டையா என்றும் பார்த்துவிடுங்கள். அதைப் பற்றி ரேம் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு மெதுவாக இருந்தால், விளையாட்டு ஓடும்போதே எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். தயாரிப்பாளர் 100 என்று எழுதிய இடத்தில், சிப் முழுச் சுமையில் இருந்தும் 50-ஐத் தாண்டாமல் நின்றால் பழுது அல்லது மோசமான குளிர்விப்பு. அந்தத் திரையைப் படம் பிடித்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ரசீதோடு கடைக்குப் போய்விடுங்கள். 'மெதுவாக இருக்கிறது' என்று சொன்னால் ஆயிரம் சமாதானம் சொல்வார்கள். எழுதிய வாட் இது, கிடைக்கும் வாட் இது என்று இரண்டு எண்களைக் காட்டிப் பேசுங்கள்.